ஒரு எழுத்துத் தகராறு

அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை, இருபது பேர் உட்கார்ந்திருந்த ஹாலில், அதைச் சத்தமாகச் சொன்னேன். அந்த ஒருமுறை போதும்.

நாலு வருஷம் முன்னால் எனக்குத் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை சென்டரில் வேலை. ரத்தம் எடுப்பது, சர்க்கரை, ஹீமோகுளோபின் மாதிரி சின்ன டெஸ்டுகளை அங்கேயே பார்ப்பது, பெரிய டெஸ்டுகளுக்கு டியூபில் லேபிள் ஒட்டி விழுப்புரத்தில் இருந்த மெயின் லேபுக்கு அனுப்புவது. அதை எடுத்துப்போகத் தினமும் மூணு மணிக்கு ஒருவர் பைக்கில் வருவார். பின்சீட்டில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கிய நீல ஐஸ் பெட்டி. கத்திரி வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்ட முழுக்கைச் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் பைக் கண்ணாடியில் குனிந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மீசையை விரலால் ஒருதரம் நீவிவிட்டுத்தான் படியேறுவார்.

வேலையில் அப்படி ஒரு கறார். ஐஸ் பாக்கெட் கொஞ்சம் இளகியிருந்தாலும் பெட்டியைத் தொடமாட்டார். "மாத்திக் குடு தங்கச்சி. இது ஒருத்தரோட ரத்தம். தக்காளி இல்ல" என்பார்.

முதல் நாளே என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டார். நான் "சார், இதுல ஒரு கையெழுத்து" என்று நோட்டை நீட்டினேன். "சார்லாம் வேணாம். அண்ணான்னு கூப்டு" என்றார். பேர் என்னவென்று கேட்டேன். "அண்ணான்னா திரும்பிப் பாப்பேன். அது போதாதா?"

கூப்பிடுகிற விஷயத்தில் அவ்வளவு பிடிவாதமான ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவருக்குக் குரல் கொஞ்சம் மெலிசு. லோன் வேண்டுமா என்று போன் பண்ணுகிறவர்கள் "மேடம்" என்று ஆரம்பிப்பார்கள். நாமாக இருந்தால் கட் பண்ணிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர் கட் பண்ணமாட்டார்.

"சார்னு சொல்லு."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லும்.

"இல்ல, மொதல்ல சார்னு சொல்லு. அப்பறம் நீ இன்னா வேணா பேசு, நான் கேக்கறேன்."

ஒருநாள் இப்படியே பத்து நிமிஷம் ஓடியது. இங்கே டியூபெல்லாம் அடுக்கி முடித்து நான் காத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அந்தப் பெண் "சாரி சார்" என்றிருக்க வேண்டும். "ம். எனக்கு லோன் வேணாம்மா, வெச்சிடு" என்று இவரே வைத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு திமிரா என்றுதான் அப்போது நினைத்தேன்.

இன்னொரு நாள் அரைமணி நேரம் லேட்டாக வந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். விக்கிரவாண்டி தாண்டி ஒரு லாரி உரசி, காலிப் பெட்டியோடு மண்ணில் விழுந்திருக்கிறார். பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு நான் ஓடினால், அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறது. கையில் பெரிய பொட்டலம். வேக வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஹாலில் இருந்தவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்.

"இன்னா தம்பி, அடிபட்டுக்கினு வந்து மல்லாட்ட குடுக்கற?" என்றாள் எங்கள் சென்டரைப் பெருக்கித் துடைக்கிற சாந்தா அக்கா.

"லாரிக்காரன் எறங்கி வந்து இன்னா சொன்னான் தெரியுமாக்கா? 'டேய் சாவுகிராக்கி, கண்ணு தெரில? வூட்ல சொல்லிக்கினு வந்தியாடா'ன்னான். ஒரு டேய், ஒரு டா!"

நடுரோட்டில் நாலு பேர் பார்க்கத் திட்டு வாங்கியதற்கு ஒருவர் விருந்து வைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மண்டையில் அடி ஏதாவது பட்டிருக்குமோ என்று நிஜமாகவே பயந்து, டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தேன். கண் நன்றாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

அவருக்கு முகையூர் பக்கம் ஒரு கிராமம். எங்களைப் போலவே மாதா கோயில் குடும்பம். விழுப்புரத்தில் ரூம் எடுத்து, கூட ஒரு நண்பரோடு இருந்தார். ஊரைப் பற்றி அதற்கு மேல் பேசமாட்டார். சாந்தா அக்கா ஒருநாள் விடாமல் கேட்டாள், அம்மா பெண் பார்க்கவில்லையா என்று.

"அம்மா எங்கிட்ட பேசியே மூணு வருஷம் ஆவுதுக்கா."

"அய்யோ, ஏம்பா?"

"ஒரு எழுத்துத் தகராறு."

பட்டாவிலோ பத்திரத்திலோ பேர் தப்பாக விழுந்துவிட்டது போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். "தாலுக்கா ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா மாத்தித் தருவாங்க. அதுக்கா பெத்தவகிட்ட பேசாம இருப்ப?" என்று சாந்தா அக்கா யோசனை சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. அதிகம் சிரித்ததால் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூணு நாளாகக் காய்ச்சல் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைக் கவுண்டரில் வைத்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. எங்கள் மேனேஜரும் நானும் தூக்கி, ஹால் ஓரத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம்.

"டெங்கு சீசன். ஜல்தி ரத்தம் எடும்மா, பிளேட்லெட் பாத்துடலாம்" என்றார் மேனேஜர்.

கம்ப்யூட்டரில் ஏற்ற முழுப் பேர் வேண்டும், வயசு வேண்டும், ஆணா பெண்ணா என்று வேண்டும். அவர் சட்டைப் பையில் இருந்த பர்ஸைத் திறந்து ஆதார் கார்டை எடுத்தேன்.

போட்டோவில் ரெட்டை ஜடை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. கண் மட்டும் அவருடைய கண். பேர் 'மேரி' என்று முடிந்தது. அதற்குக் கீழே, பெண்பால்.

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். வேறு யாருடையதோ என்று முகவரியைப் படித்தேன். முகையூர் பக்கத்துக் கிராமம்தான். தினமும் 'அண்ணா' என்று கூப்பிட்ட என் நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளியின் பேரைச் சத்தமாகச் சொல்லி, அவர் வாயால் 'ஆமாம்' வாங்க வேண்டும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, கார்டில் இருந்ததை முழுசாக, ஹால் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

பழக்கத்தில் வந்துவிட்டது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுசும் பழக்கம் இல்லை. அந்த அதிர்ச்சியை என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. கூட யாராவது சேர்ந்து அதிர வேண்டும் போல இருந்தது.

ஹாலில் பேச்சு நின்றது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்படி யாரும் இங்க இல்ல தங்கச்சி."

மெதுவாக எழுந்தார். என் கையிலிருந்து கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காய்ச்சலோடு ஐஸ் பாக்கெட்டை அழுத்திப் பார்த்தார், டியூபுகளை எண்ணி வைத்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் கையில் ஊசியோடு அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'அண்ணா' சொல்லித் தடுத்திருக்கலாம். வரவில்லை.

பைக் சத்தம் தேய்ந்த பிறகுதான் மேனேஜர் வாயைத் திறந்தார். "அது பொம்பளயா? அதுவா இத்தினி நாளா இங்க வந்து போய்க்கினு இருந்துச்சி?"

அது. காலை வரைக்கும் 'தம்பி'யாக இருந்தவர் மத்தியானம் அஃறிணை ஆகிவிட்டார். "சார், வேலைய ஒழுங்காத்தான செஞ்சாரு" என்றேன்.

"செஞ்சாரா, செஞ்சாளா? மொதல்ல அத்தச் சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். மேனேஜர் அங்கேயே நின்று மெயின் லேபுக்குப் போன் போட்டார். மறுநாள் மூணு மணிக்கு வேறு ஒருவர் வந்து பெட்டி எடுத்துப்போனார். சாந்தா அக்கா மட்டும் துடைப்பத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அந்தத் தம்பிக்கு... அந்தப் பொண்ணுக்கு... ஜொரம் வுட்டுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, எதைச் சொல்வது என்று தெரியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் குரல் எடுத்தது. திண்டிவனம் லேபிலிருந்து பேசுகிறேன், அண்ணன் எப்படி இருக்கிறார் என்றேன்.

"அண்ணனா?" என்றது அந்தக் குரல். "நான் அம்மா பேசறேன். ரூம்ல மயங்கிக் கெடக்குதுன்னு கூட இருக்கற புள்ள போன் பண்ணிச்சி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்க்கினு இருக்கேன்."

லீவு சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறி, முண்டியம்பாக்கத்தில் இறங்கி ஓடினேன். காய்ச்சல் கேஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்ட்ரெச்சரில் கழுத்து வரை போர்த்திய போர்வைக்குள் அவர். பக்கத்தில் கழுத்தில் ஜெபமாலை போட்ட, ஒடிசலான அம்மா. சீட்டு எழுதுகிற இடத்தில் அவர்கள் முறை.

"பேரு?"

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். எனக்குப் புரிந்தது. தான் வைத்த பேரைச் சொன்னால் பெண்கள் வார்டுக்குத் தள்ளுவார்கள். பிள்ளை தனக்கு வைத்துக்கொண்ட பேர் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. மூணு வருஷமாகக் காதை மூடிக்கொண்டவர்.

"பேர் சொல்லும்மா, பின்னாடி எத்தினி பேரு நிக்கறாங்க."

அம்மா ஒரு பேரைச் சொன்னார். அது அவருடைய புருஷன் பேர் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கரும்பு லோடு ஓட்டிக்கொண்டிருந்து எப்போதோ செத்துப்போனவர். "ஆம்பளப் புள்ளதான். எம் பையன். கார்ட வூட்ல வெச்சிட்டேன்" என்றார். கார்டு அவர் உள்ளங்கையில் கசங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன்.

ஆண்கள் வார்டில் இடம் கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ரிசல்ட். பிளேட்லெட் பதினெட்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனார்.

"நீ ஆஸ்பத்திரி வேல தெரிஞ்ச பொண்ணு, உங்கிட்ட சொல்றேன். அதுக்கு மாசாந்திர ரத்தம் ரெண்டு நாளா நிக்கல. துணி மாத்தி மாத்தி ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கேன். டாக்டராண்ட சொல்லக் கூடாதுன்னு கையப் புடிச்சிச் சத்தியம் வாங்கிடுச்சி. சொன்னா ஊசியப் புடுங்கிட்டு எழுந்து போய்டுவேங்குது. நான் இன்னாம்மா பண்ணுவேன்? இப்பத்தான் பையன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

பதினெட்டாயிரத்தில் ரத்தம் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டியூட்டி டாக்டர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். ஓடிப்போய்ச் சொல்லிவிட ஒரு நிமிஷம் ஆகாது. கால் எடுத்தும் வைத்தேன். செவ்வாய்க்கிழமையும் இதே மாதிரி ஒரு நிமிஷம்தான் ஆனது என்று நினைவு வந்ததும் திரும்பி, கட்டிலுக்குப் போனேன்.

"இப்ப எப்படி இருக்கீங்க? தண்ணி குடிச்சீங்களா?" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மொறையே இல்லாம பேசற. 'ங்க' போட்டுத் தப்பிச்சிக்கற."

உண்மைதான். தமிழில் அது ஒரு வசதி. மரியாதை மாதிரியும் இருக்கும், எதிரே இருப்பவர் யார் என்று சொல்ல வேண்டிய பேஜாரும் கிடையாது.

"அண்ணா" என்றேன். "டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா? நீங்க வேணாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா உயிருக்கு ஆபத்துண்ணா."

"செவ்வாக்கெழம இந்த மாரி கேட்டியா?"

"கேக்கல. அதான் இப்ப கேக்கறேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சொன்னா பொம்பள வார்டுக்கு மாத்துவாங்க. செத்தா இங்கயே சாவறேன்."

அதுவரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். அவர் கை ஓங்கியதைப் பார்த்து அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"சாவறியா? சாவறதுக்காடா உன்ன இட்டுக்கினு வந்தேன்? அப்பன வாரிக் குடுத்துட்டேன், உன்னயும் குடுக்கச் சொல்றியா? எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தாண்டா. வாயத் தொறந்து சொல்லித் தொலடா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவரும் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடிவாங்கியவர் போலவும் இருந்தது, அள்ளித் தூக்கப்பட்டவர் போலவும் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பளீரென்று விளங்கியது. பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. 'டி' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்று மகன். 'டா' என்று சொல்ல மாட்டேன் என்று தாய். அந்த ஓர் எழுத்தில்தான் இரண்டு பேரும் மூணு வருஷம் பேசாமல் கிடந்திருக்கிறார்கள்.

"டாக்டர வரச் சொல்லு" என்றார் அவர் என்னிடம். "நானே சொல்றேன். நீ வெளில போ. அம்மா இருக்கட்டும்."

டாக்டர் சின்ன வயசுக்காரர். திரையை இழுத்துவிட்டார்கள். நான் வராந்தாவில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கத்தல் வரும், சிரிப்பு வரும், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்தேன். உள்ளே டாக்டர் குரல் மட்டும் கேட்டது. "இத்த வந்த ஒடனே சொல்லியிருக்கணும் தம்பி. எத்தினி நாளா போவுது? வலி இருக்கா?" பிறகு திரையை விலக்கி நர்ஸைக் கூப்பிட்டு, "தம்பிக்கு பிளேட்லெட் ஏத்தணும், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். எந்தக் கட்டிலும் நகரவில்லை. எங்கள் ஹாலில் இருபது பேரும் நானும் சேர்ந்து செய்ய முடியாத ஒன்றை அந்த ஆள் நடந்துகொண்டே செய்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் திண்டிவனம் ரூட்டுக்கு வரவில்லை. மெயின் லேபில் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்ன காரணம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என் பேர்தான் வரும்.

மாசி மாசம் இருக்கும். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது. பின்சீட்டில் மருந்துப் பெட்டிகள். பாண்டிச்சேரியில் மருந்து மொத்த வியாபாரம் பண்ணுகிற இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. அம்மா ரூமுக்கே வந்துவிட்டாராம், நண்பருக்கும் சேர்த்துச் சமைக்கிறாராம்.

"நாள் பூரா டா போட்டுத் திட்டறாங்க. காது வலிக்குது" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாசமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கி நான் பண்ணது பெரிய தப்பு. உங்க வேலையே போச்சு. உசுரே போயிருக்கும். என்னை மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் இன்ஜினை நிறுத்தினார். பேச வார்த்தை தேடுகிற மாதிரி தெரியவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. சொன்னா நீ நிம்மதியா ஆயிடுவ. நாளைக்கி வேற ஒருத்தன் கார்டு உன் கைக்கு வரும். அப்ப நீ நிம்மதியா இருக்கக் கூடாது."

கோபமே இல்லாமல், ஐஸ் பாக்கெட்டை மாற்றச் சொல்கிற அதே குரலில் சொன்னார். இன்ஜினைக் கிளப்பி, கை காட்டிவிட்டு, பாண்டிச்சேரி ரோட்டில் திரும்பிப் போய்விட்டார். நான் ஏற வேண்டிய ஷேர் ஆட்டோ இரண்டு வந்து நின்று போன பிறகும் எனக்குக் கால் நகரவில்லை.